நூற்றிப் பன்னிரண்டாம் படிவம்

“அந்த ஆவுடைத்தாய் வீடு எந்தத் தெருவுல வருது?”

“தெற்குத் தெரு சார்.”

“ஞாயித்துக்கிழம வீட்டுல இருக்கும்ல?”

“இருக்கும் சார். இருக்கணும்.”

“இருக்கணும்னா என்னப்பா? ஒரு வெள்ளக்காரம்மா ஜெனிவாவுல இருந்து இதுக்குன்னே வருது. நூத்திப்பன்னெண்டாம் படிவத்தை மட்டும் தனியா எடுத்து வச்சிருக்காகளாம். அதைப் படிச்சிட்டு அங்கன ரெண்டு பேரு அழுதுட்டாகளாம்.”

“எதைப் படிச்சிட்டு சார்?”

“நீ எழுதிட்டு வந்ததுதான? ‘உங்களுக்கு உடனடியாக வேண்டிய உரிமை எது’ன்னு கேட்டதுக்கு அந்தப் பொம்பள சொல்லியிருக்கே, ‘ஒரு நாளாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும்’னு. அறிக்கையில மொத வரியே இப்ப அதான்.”

எழில் கைப்பேசியைக் காதில் வைத்தபடியே கட்டிலில் உட்கார்ந்தான்.

மறுமுனையில் பேசியவர் கண்ணுச்சாமி. மல்லாங்கிணற்றில் நிலபுலன் உள்ள குடும்பம். விருதுநகரில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தினார். எழில் அங்கே களப்பணியாளன். ஒவ்வொரு நாடும் தன் சனங்களுக்குச் சோறும் தண்ணீரும் வேலையும் வீடும் வைத்தியமும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று சில வருஷங்களுக்கு ஒருமுறை ஜெனிவாவில் ஐ.நா. கமிட்டி ஒன்றின் முன்னால் பதில் சொல்ல வேண்டும். இந்தியாவின் முறை வருகிற மே மாதம், 2008-இல். அரசாங்கம் தன் அறிக்கையை ஏற்கெனவே கொடுத்துவிட்டது. அதில் எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள். அப்படியில்லை என்று சொல்வதற்கு சனங்கள் பக்கத்திலிருந்து இன்னோர் அறிக்கை போகிறது. அதற்காகப் பட்டாசுத் தொழிலாளர்கள் வாழும் ஓர் ஊரில் இருநூறு வீடுகளில் விசாரித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்த ஊர் எழிலின் சொந்த ஊர். தாயில்பட்டிக்குத் தெற்கே இரண்டு மைலில் இருக்கும் மேலச்செங்குளம்.

“ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன் தம்பி,” என்றார் கண்ணுச்சாமி. “அங்கன நம்ம கவர்மெண்டு ஆளுகளும் உக்காந்திருப்பாக. ஒரு பேரு பொய்யின்னு தெரிஞ்சாப் போதும், மத்த எல்லாத்தையும் பொய்யின்னு எந்திரிச்சுச் சொல்லிருவாக. பத்து நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணியும் பொய்யி, பூட்டிக்கெடக்குற கக்கூஸும் பொய்யின்னு ஆயிரும். எனக்கு அன்னைக்குப் பெரியப்பா பேத்தி கல்யாணம், வர முடியாது. நீதான் பி.ஏ. இங்கிலீஷாச்சே, கூட இருந்து பேசி அனுப்பிரு. புரியுதா?”

“புரியுது சார்.”

நன்றாகவே புரிந்தது. மேலச்செங்குளத்தில் ஆவுடைத்தாய் என்று யாரும் கிடையாது.

எழில் சோம்பேறியில்லை. இதை அவன் பக்கம் நின்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு முதல் நாள் காலையிலேயே கிளம்பியவன்தான். முதல் வீடு ராமுத்தாய் அத்தை வீடு. மூன்றாவது கேள்வி: ‘கழிப்பறை வசதி உண்டா? இல்லையெனில் எங்கே செல்கிறீர்கள்?’

அத்தை அவனை மேலும் கீழும் பார்த்தாள். “ஏன் மருமகனே, பொம்பளகிட்டக் கேக்குற கேள்வியாலே இது? எங்கன போறோம்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். ஆனால் கேட்டபோது காது மடல் இரண்டும் சுட்டன. இரண்டாவது வீட்டில் பேச்சியம்மாள் சித்தி, “நீ இந்த ஊர்ப் பிள்ளதான? எங்க வீட்டுல உனக்குத் தெரியாதது என்ன இருக்கு? நீயே எழுதிக்கோ,” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். மூன்றாவது வீட்டிலும் அதே பதில். சொல்லிவைத்தாற்போல ஊரே அவனை நம்பியது.

அவனும் நம்பினான். வீட்டுக்குத் திரும்பி, கட்டிலில் குப்புறப் படுத்து, ஐந்து நாளில் இருநூறு வீட்டையும் எழுதி முடித்தான். கையில் கிடைத்த வாக்காளர் பட்டியலின் சில பக்கங்களில் இருந்த பெயர்கள் நூறைத் தாண்டியதும் தீர்ந்தன. அதற்குமேல் அவனே பெயர் வைத்தான். சாத்தூர் ரோட்டில் ‘ஆவுடைத்தாய் மாவு மில்’ என்று ஒரு பலகை உண்டு. நூற்றிப் பன்னிரண்டாம் வீட்டுக்காரிக்கு அந்தப் பெயர். வயது நாற்பத்தேழு. கணவர் இல்லை. மின்விசிறி இல்லை, கட்டில் இல்லை, ஒரே ஒரு குடம். அதை எழுதுகையில் ஜன்னலுக்கு வெளியே வெயில், வேலிக்கருவை இலைகளில் சல்லடையாக விழுந்துகொண்டிருந்தது. அவன் மனசு எங்கேயோ பனி பெய்யும் ஊருக்குப் போய்விட்டு வந்தது. வந்த வேகத்தில் அந்த வரியை எழுதினான். அது எங்கிருந்து வந்ததென்று அவனுக்குத் தெரியாது. எதிரே அடுப்படியில் அவன் அம்மா முருகம்மாள், கம்பெனி வேன் ஹாரன் அடிப்பதைக் கேட்டு, நின்றபடியே கஞ்சியைக் குடித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கைநாட்டு. எல்லாம் ஒன்றுபோல இருந்துவிடக் கூடாது என்று வலது பெருவிரல், இடது பெருவிரல், சுட்டுவிரல், மோதிரவிரல் என மாற்றி மாற்றி வைத்தான். கால் விரல்களையும் நினைத்துப் பார்த்து, அது உழைக்கும் மக்களை அவமதிப்பதாகும் என்று விட்டுவிட்டான். மனசாட்சி இருந்ததற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி.

“என்னலே, கையெல்லாம் மையி?” என்று அம்மா அப்போது கேட்டாள்.

“எழுத்து வேலைம்மா.”

அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இப்போது அவன் கைப்பேசியை வைத்தபோதும் அம்மா எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி வேலை முடிந்து வந்தபின் வெடிக்குத் தாள் உருட்டும் வேலை. பசை தடவி, தாளைக் கம்பியில் சுற்றி, உள்ளங்கையால் ஒரு தள்ளு, குழாய் தயார். நூறு நூறாகக் கட்டி அடுக்கினாள்.

“ஏலே எழிலு, நலவாரிய அட்டைக்குக் குடுத்த மனுவை மறுபடியும் திருப்பிட்டாகலே. என்னமோ கைநாட்டுல…”

“அடுத்த வாரம் சூலக்கரை ஆபீசுக்கு வந்து கேக்கேம்மா.”

“போன மாசமும் இதேதான சொன்ன?”

“இப்ப தலை போற வேலையில இருக்கேம்மா!” என்று கத்திவிட்டு, கத்தியதற்குப் பரிகாரமாக ஒரு குழாய்க் கட்டைத் தூக்கி நகர்த்தி வைக்கப் போனான்.

“நீ தொடாத. பசை ஒட்டும். போயி உன் வேலையைப் பாரு.”

அவன் வேலை, இரண்டு நாளில் ஓர் ஆவுடைத்தாயைப் பிறப்பிப்பது.

ராமுத்தாய் அத்தையைத் தவிர வேறு ஆள் தோன்றவில்லை. தெற்குத் தெரு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒற்றை அறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் விஷயத்தைப் பாதி சொன்னான். “கணக்குல ஒரு ஆளு விட்டுப்போச்சு அத்தை. ஒரு நாளைக்கு நீங்க ஆவுடைத்தாயா இருந்தாப் போதும்.”

“அவளுக்கு வயசு எம்புட்டு?”

“நாப்பத்தேழு.”

“அம்புட்டா? எனக்கு நாப்பத்திரண்டுதான?” அத்தைக்குப் பதினைந்து வருஷமாக நாற்பத்திரண்டு. “சரி, போகட்டும். புருசன்?”

எழில் தரையைப் பார்த்தான். “இல்ல அத்தை. செத்துட்டாரு.”

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி மாமாவின் டம்ளர் வாயருகே நின்றது. “எப்பம்லே செத்தேன்?”

“நீங்க இல்ல மாமா. ஆவுடைத்தாய் புருசன்.”

“ஆவுடைத்தாயி இந்தா உக்காந்திருக்காளே. அப்ப நான் யாரு?”

அத்தை முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். “கேளுங்க, நல்லாக் கேளுங்க. எதுல செத்தாராம்?”

“வெடி விபத்துல அத்தை. 2003-ல.”

சிரிப்பு அப்படியே நின்றது. மாமா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் இடது கை முழங்கை வரை வெளுத்த தழும்பு. அவருக்குப் பக்கத்து அறையில் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்த மூன்று பேருக்குத் தழும்பு மிஞ்சவில்லை. இது எழிலுக்குத் தெரியாத விஷயமில்லை. எழுதும்போது நினைவு வரவில்லை, அவ்வளவுதான்.

“அதை மட்டும் மாத்திருலே,” என்றார் மாமா மெதுவாக. “காச்சல்ல செத்தேன்னு எழுதிக்கோ.”

“சரி மாமா,” என்றான். படிவம் ஜெனிவாவுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. எதையும் மாற்ற முடியாது.

ஆனால் மாமா வீட்டை விட்டு நகர மறுத்தார். செத்த நாளிலாவது வீட்டில் இருக்க வேண்டாமா என்று கேட்டார். கடைசியில் ஆவுடைத்தாயின் அண்ணனாக இருக்க ஒப்புக்கொண்டார். அண்ணன் என்றால் தங்கச்சி வீட்டுக்கு அடுத்த வீட்டில், சொர்ணலட்சுமி மதினி வீட்டில், இருந்துகொள்ள வேண்டும் என்று ஏற்பாடு.

சனிக்கிழமை எழில் விருதுநகர் போய் ஜெனிவாக்காரி தங்கும் இடம், கார், எல்லாம் பார்த்துவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அத்தை வீட்டுக்குள் நுழைந்தவன், வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய் மறுபடி பார்த்தான்.

சுவரெல்லாம் புது வெள்ளை. நடுவில் கட்டில், அதில் மயில் போட்ட விரிப்பு. மூன்று டிவிப் பெட்டிகள். ஐந்து மேசை விசிறி. பதினொரு பிளாஸ்டிக் நாற்காலி. எவர்சில்வர் குடங்கள் கோபுரமாக. நடுவில் ராமுத்தாய் அத்தை கல்யாணப் பட்டில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் கோழி கொதித்தது.

“என்ன அத்தை இது?”

“தெருவே குடுத்துச்சு. ஒரு ஆளு விடாம, கேக்காமலே கொண்டாந்து இறக்குனாக.”

“இதெல்லாம் வீட்டுல இல்லன்னு எழுதியிருக்கேன் அத்தை!”

ஒரு மிக்சியோடு வாசலில் நின்ற சொர்ணலட்சுமி மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. “பின்ன? சீமையில இருந்து ஒரு பொம்பள வாரா. ஓட்டைக் கொடத்தையும் கிழிஞ்ச பாயையும் காட்டவா? ஊருக்கு மானம் போயிராது?”

“மதினி, நம்மகிட்ட என்ன இல்லன்னு பாக்கத்தான் அவங்க வர்றாங்க.”

“இல்லாததை எப்பிடிலே பாக்க முடியும்?”

இதற்குக் கமிட்டியிடமாவது பதில் இருக்குமா என்பது சந்தேகம். அதற்குள் கண்மாய்க் கரையில் காரின் புழுதி தெரிந்தது. “எல்லாத்தையும் எடுங்க! எடுங்க!” என்று அலறினான். அவரவர் வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க நேரமில்லை. எட்டுப் பேர் சேர்ந்து கட்டில், டிவி, விசிறி, நாற்காலி அனைத்தையும் பக்கத்தில் சொர்ணலட்சுமி மதினி வீட்டுக்குள் தள்ளினார்கள். அத்தையைப் பட்டிலிருந்து பழைய புடவைக்கு மாற்றுவதற்குள் அவளிடம் இரண்டு சாபம் வாங்கினான். பின்னாலிருந்து ஒரு கிழிந்த பாயையும் நசுங்கிய குடத்தையும் கொண்டுவந்து வைத்தபோது கார்க் கதவு திறந்தது.

வந்தவர் பெயர் மார்ட்டா. ஐம்பது வயது, வெயிலில் சிவந்த மூக்கு, தோளில் கனத்த பை. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அத்தைக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. “நல்ல வளர்ப்புலே,” என்றாள்.

மார்ட்டா பாயில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். ஒரு குடம். ஒரு பாய். ஈரச் சுண்ணாம்பு வாடை. பையிலிருந்து நூற்றிப் பன்னிரண்டாம் படிவத்தை எடுத்து ஒவ்வொன்றாக ‘டிக்’ அடித்தார். எழிலுக்கு மூச்சு சீரானது.

பிறகு, “பக்கத்து வீட்டையும் பார்க்கலாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எழில் ஏதோ சொல்லித் தடுப்பதற்குள் அவர் எழுந்து போய்விட்டார்.

சொர்ணலட்சுமி மதினி வீட்டில் நடக்க வழியில்லை. பதினொரு நாற்காலியில் ஒன்றில், ஓடிக்கொண்டிருந்த மூன்று விசிறிகளுக்கு நடுவே, ஒரு டிவியில் படம் பார்த்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் ஆண்டிச்சாமி மாமா. மற்ற இரண்டு டிவிகளும் அவருக்குக் காவல்.

“இவர் யார்?”

“ஆவுடைத்தாயின் அண்ணன்.”

மார்ட்டாவின் முகம் இறுகியது. நோட்டில் வேகமாக எழுதினார். “தங்கைக்கு ஒரு குடம். அண்ணனுக்கு மூன்று தொலைக்காட்சி. சொத்தில் பெண்ணுக்குப் பங்கு கிடையாதா? இவர் அவளுக்குச் சாப்பாடாவது கொடுக்கிறாரா என்று கேளுங்கள்.”

எழில் மாமா பக்கம் திரும்பினான். “மாமா… தங்கச்சிக்குச் சோறு போடுறீகளான்னு கேக்காங்க.”

மாமாவுக்கு அண்ணன் வேஷம் மறந்துபோனது. “யாருலே போடாதது? முப்பது வருசமா நான்தாம்லே போடுறேன்!”

பின்னால் வந்துகொண்டிருந்த அத்தைக்குத் தங்கச்சி வேஷம் மறந்தது. “நீரு போட்டீரா? யாரு ஆக்கிப் போட்டு யாரு தின்னது? தாள் உருட்டி உருட்டிக் கை தேஞ்சது எனக்கு. சோறு போட்டாராம்ல!”

“பாரு தம்பி, விருந்தாளி முன்னால எப்பிடிப் பேசுதா பாரு!”

“என்ன சொல்கிறார்கள்?” என்றார் மார்ட்டா.

“சொத்துத் தகராறு,” என்றான் எழில்.

மார்ட்டா அத்தையின் தோளைத் தொட்டு அழைத்து வந்தார். அந்தத் தொடலில் இருந்த கனிவைப் பார்த்து எழிலுக்கு ஓடிப்போய்க் கண்மாயில் விழலாம் போலிருந்தது. கண்மாயில் தண்ணீர் இல்லை. அதையும் எண்பத்தேழாம் படிவத்தில் அவனே எழுதியிருந்தான்.

அத்தை இலை போட்டு, சோறும் கோழிக்குழம்பும் வைத்தாள். வாசலில் பெண்கள் கூட்டம். எழிலின் அம்மாவும் வந்து ஓரமாக நின்றாள். மார்ட்டா சோற்றில் கை வைக்கவில்லை. “நீங்கள் விரும்பியது எனக்குத் தெரியும். இன்று நீங்கள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நான் அதற்காகத்தான் வந்தேன்,” என்றார்.

எழில் சொன்னான். அத்தை திகைத்துப் போனாள். “அதெப்பிடிலே? விருந்தாளி சாப்பிட்டுக் கை கழுவாம நான் உக்காந்தா ஊரு என்ன பேசும்?”

“ஒரு வாய் அத்தை. உக்காருங்க.”

“மாட்டேன். மகராசி, நீங்க சாப்பிடுங்க. எங்களுக்கு ஒரு குறையும் இல்ல.”

“ஒரு குறையும் இல்ல,” என்று வாசலில் நின்றவர்கள் சேர்ந்து சொன்னார்கள். பத்து நாளாகத் தண்ணீர் வராத தெரு அது. கூட்டத்தில் இருந்த ஒவ்வொருத்தியும் அதிகாலை இருட்டிலேயே கருவைக்காட்டுக்குப் போய்வந்தவள்.

மார்ட்டா அத்தையைப் பார்த்தார். பிறகு இலையோடு எழுந்தார். “அப்படியென்றால் நானும் நிற்கிறேன்.” அடுத்த வீட்டில் பத்து நாற்காலி காலியாகக் கிடக்க, ஜெனிவாவிலிருந்து வந்தவர் சுண்ணாம்புச் சுவரோரம் நின்றபடி சாப்பிட்டார். காரம் தாங்காமல் கண்ணில் நீர் வந்தது. அத்தைக்கும் வந்தது. “அய்யோ, நின்னுக்கிட்டே திங்குறாளே, பாவம்!” என்றாள்.

அப்போதுதான் எழில் தன் அம்மாவைப் பார்த்தான். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு எப்போது பார்த்தோம் என்று யோசித்தான். தீபாவளியை நினைத்தான், பொங்கலை நினைத்தான். ஒன்றும் அகப்படவில்லை.

ஆனாலும் முடியப்போகிறது. மார்ட்டா கை கழுவிவிட்டு, சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு தாளில் எழுதி, மைப்பெட்டியைத் திறந்தார். ஒரே ஒரு கைநாட்டு. அதோடு கார் கிளம்பும்.

அத்தை பெருவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தாள். நீலமாக ஒரு பொட்டு விழுந்தது. வழவழவென்று, ஒரு கோடு இல்லாமல்.

மார்ட்டா தாளைத் திருப்பினார். இன்னொரு முறை வைக்கச் சொன்னார். இன்னொரு பொட்டு. இடது கை. அதுவும் பொட்டு.

“தள்ளுடி, நான் வைக்கேன்,” என்று பேச்சியம்மாள் சித்தி வந்தாள். பொட்டு. சொர்ணலட்சுமி மதினி வந்தாள். பொட்டு. எழிலின் அம்மாவும் சேலையில் கையைத் துடைத்துவிட்டு வந்து, மையில் தொட்டு, பக்குவமாக அமுக்கி வைத்தாள். நனைந்த கல்போல ஒரு பொட்டு.

“இதத்தான்லே அன்னைக்கே சொல்ல வந்தேன்,” என்றாள் அம்மா. “நலவாரியத்துல ரெண்டு தடவ திருப்பிட்டாக. ரேகை விழலையாம்.”

“விரலில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்,” என்றார் மார்ட்டா.

அவன் கேட்டான். பெண்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள்.

“பசையும் தாளும் சேந்தா ரம்பம் மாதிரில்லா.”

“பத்து வருசம் உருட்டுனா விரலு கண்ணாடியாயிரும்.”

“இந்த ஊருல பொம்பளைக்கு எங்கன இருக்கு ரேகை? எல்லாம் வெடிக்குழாயில போயிருச்சு.”

எழில் அதை ஆங்கிலத்தில் சொன்னான். அன்று முதல்முறையாக, அவர்கள் சொன்னதைச் சொன்னபடி, ஒரு வார்த்தை கூட்டாமல். இருநூறு வீட்டையும் எழுதி முடித்த அவனுக்கு இது தெரியாது. படிவத்தின் நாற்பத்தாறு கேள்வியில் இந்தக் கேள்வி இல்லை. அம்மாவின் கை, காய்ச்சலில் அவன் நெற்றியைத் தடவிய கை, சின்ன வயதில் சோறு ஊட்டிய கை. வழவழப்பு எண்ணெயால் என்று நினைத்திருந்தான்.

மார்ட்டா பைக்குள் கையை விட்டு மேலச்செங்குளத்தின் அசல் படிவங்களைக் கட்டாக வெளியே எடுத்தார். ஒன்றைத் திருப்பினார். குளத்தில் கல் விழுந்ததுபோல வளையம் வளையமாக, தெள்ளத் தெளிவான ரேகை. அடுத்தது. வளையம். அதற்கடுத்தது. இன்னும் அழகான வளையம்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழிலைப் பார்த்தார். “இவர்களிடம் கேளுங்கள். அப்படியென்றால் இந்த இருநூறு ரேகையும் யாருடையவை?”

வாசலில் நின்ற முகங்கள் அத்தனையும் அவன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்தன. பத்து நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர், பூட்டிய கழிப்பறை, மாமாவின் தழும்பு, கோடு இல்லாத இத்தனை விரல்கள். எல்லாம் அந்தக் கட்டுக்குள், அவனுடைய பத்து விரலுக்கு அடியில் கிடந்தன. ஜெனிவாவில் ஒரு நீண்ட மேசையின் ஓரத்தில் அரசாங்க அதிகாரி ஒருவர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்வது அவனுக்குத் தெரிந்தது. தப்பிக்க இன்னும் ஒரே ஒரு வழி இருப்பதுபோலத் தோன்றியது.

“அவங்க நீங்க சொல்றதை நம்பலை,” என்றான் பெண்களிடம். “மை கெட்டுப்போயிருக்கும்னு சொல்றாங்க.”

“மை கெட்டதாமா?” அவன் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். கூட்டத்தையும் சீமைக்காரியையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.

“எம் மகன ஒரு நா கூடத் தாள் உருட்ட விட்டதில்ல, பேனா மட்டும் பிடிச்ச கையி. ஏலே எழிலு, உன் பெருவெரல இதுல ஒருக்கா வச்சு அந்தம்மாவுக்குக் காட்டுலே.”